பதினோரு வாரம்

மார்ச் 14

சின்னவளுக்கு,

ஃபோன்ல உன் நம்பரைத் தடை பண்ணி வெச்சிருக்கேன். நீ எத்தனை தடவை கூப்பிட்டேன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் இஷ்டமில்லை. உன் குரலைக் கேட்டா கத்திடுவேன். வீட்டுல இப்போ யாரும் கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதான் எழுதறேன்.

சில்லு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ஆறு நாள் ஆகுது. சாப்பிடறா, தூங்கறா, முழிச்சிருக்கற நேரத்துல சுவரைப் பார்க்கறா. பதினேழு வயசுப் பொண்ணு குளிக்கப் போனா நான் கதவுக்கு வெளியில நின்னு தண்ணி விழற சத்தம் வருதான்னு காதைக் கொடுத்துக்கிட்டு நிக்கறேன். உன் அத்தான் லாரியைப் பாதி வழியில வேற டிரைவர்கிட்ட ஒப்படைச்சிட்டு ஓடி வந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து பாத்ரூம் உள்தாழ்ப்பாளைக் கழட்டினார். கழட்டினதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு டீ இருக்கான்னு கேட்டார்.

இதெல்லாம் உனக்கு எதுக்குச் சொல்றேன்னா, உனக்கு மிச்சம் எல்லாம் தெரியும். இது மட்டும்தான் தெரியாது.

ஆஸ்பத்திரியில கண்ணைத் திறந்ததும் அவ சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா. "அம்மா, நான் ஒருத்தங்ககூட எழுதிப் பேசிக்கிட்டிருந்தேன். அவங்ககிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லணும்." யாருடி அதுன்னு கேட்டேன். மாத்திரை, மருந்துன்னு மாட்டிக்கிட்ட சின்னப் பசங்க எழுதற இடம், பேர் கேக்க மாட்டாங்கன்னா. அட, நம்ம சின்னவ வேலை பார்க்கற மாதிரி இடமான்னு நினைச்சேன். சத்தியமா அதுக்கு மேல ஒண்ணும் நினைக்கலை.

அவ தூங்கினதும் ஃபோனை எடுத்தேன். பேசினது எல்லாத்தையும் சேமிச்சு வெச்சிருக்கா. வராந்தா பெஞ்சுல உக்காந்து காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் நாலு வரைக்கும் படிச்சேன். டிசம்பர் 16ஆம் தேதி அவ எழுதியிருக்கா: "இன்னைக்கு மொந்தைத் தலை."

காய்ச்சல்ல தலை கனத்துப்போனா நீயும் நானும் சின்ன வயசுல சொல்லிக்கிட்ட வார்த்தை அது. என் பொண்ணு என் வாயிலேர்ந்து பிடிச்சுக்கிட்டா. வேற எந்த வீட்டுலயும் அந்த வார்த்தை கிடையாது. ஆனா எதிர்ல இருந்தவ, அப்படின்னா என்னன்னு கேக்கலை. "எப்போலேர்ந்து?"ன்னு கேட்டிருக்கா.

அதுக்கப்புறம் எல்லா வரியிலயும் உன் குரல்தான் கேட்டுது. வரிக்கு வரி "சரியா? சரியா?"ன்னு கேக்கறவ நீ ஒருத்திதானே.

டிசம்பர் 16லேர்ந்து அவ விழுந்த மார்ச் 3 வரைக்கும் பதினோரு வாரம். இந்தப் பதினோரு வாரமும் ஞாயித்துக்கிழமை தவறாம என்கூட ஃபோன்ல பேசினே. என் முட்டிவலியைப் பத்தி விசாரிச்சே. "சில்லு எப்படியிருக்கா?"ன்னு கேட்டே. என்கிட்ட கேட்டே.

பதில் எழுது. நீட்டி முழக்காதே.

அக்கா

———

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

நாலு காகிதம் கிழிச்சாச்சு. நீட்டாம எழுத எனக்கு வராது, அது உனக்கே தெரியும்.

நான்தான். நீ எழுதினதுல ஒரு வரிகூடத் தப்பு இல்லை.

எங்க வேலை எப்படின்னு உனக்கு ஒருநாளும் விவரமாச் சொன்னதில்லை. நாற்காலி, கட்டில் விக்கற கடைக்கு மேல ஒரு நீள அறை. ஆறு மேஜை. மத்தியானம் ஒண்ணுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் எனக்கு. பள்ளிக்கூடம் விட்டு நாலு மணி ஆச்சுன்னா திரையில ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழும். ஒரே நேரத்துல அஞ்சு பேர்கூட எழுதிக்கிட்டிருப்பேன். யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. "காலி டப்பா"ன்னு ஒருத்தன். "நாளைக்கு நிறுத்திடுவேன்"னு ஒருத்தி, அந்தப் பேரோடயே ஒரு வருஷமா வர்றா. நவம்பர் கடைசியில "பெஞ்சுல இருக்கேன்"னு ஒரு பேர் வந்தது. கைப்பந்து ஆடற பொண்ணு, தோள்ல அடிபட்டு அணியிலேர்ந்து உக்கார வெச்சுட்டாங்கன்னு சொன்னா. டாக்டர் கொடுத்த வலி மாத்திரை தீர்ந்துபோச்சு, வலியும் போயிடுச்சு, ஆனா மாத்திரை வேண்டியிருக்குன்னு எழுதினா. இப்படி மாசத்துக்குப் பத்துப் பேர் எழுதறாங்க. சில்லுன்னு எனக்குத் தோணவே இல்லை. அவ தோள் சரியாயிடுச்சுன்னு நீதான் சொல்லியிருந்தே.

16ஆம் தேதி அந்த வார்த்தை வந்தது. திரையில பக்கத்துப் பெட்டியில ஒரு பையன் "யாராவது இருக்கீங்களா"ன்னு கேட்டுக்கிட்டிருந்தான். அவனுக்கு ஒரு வரி எழுதினேன். திரும்பி வந்து அவளுக்கு "எப்போலேர்ந்து?"ன்னு எழுதினேன்.

தெரிஞ்சவங்க வந்தா உடனே பொறுப்பாளர்கிட்ட சொல்லி வேற ஆள்கிட்ட ஒப்படைக்கணும். அதுதான் விதி. மறுநாள் ஒப்படைக்கப் பார்த்தேன், நீ படிச்சிருப்பே. "இனிமே வேற ஒருத்தர் பேசினா பரவாயில்லையா?"ன்னு கேட்டேன். "மாத்தினா வர மாட்டேன். திரும்பவும் முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்ல என்னால முடியாது"ன்னு எழுதினா. டியூஷன் டீச்சர் மாறினதுக்கே கணக்கு டியூஷனை நிறுத்தினவ அவ. சொன்னா சொன்னபடி செய்வான்னு எனக்குத் தெரியும். அதனால யார்கிட்டயும் சொல்லாம நானே உக்காந்துட்டேன்.

உன்கிட்ட ஏன் சொல்லலை. அங்கே எழுதறது, உயிருக்கு ஆபத்துன்னாத் தவிர, அறையை விட்டு வெளியில போகக்கூடாதுன்னு இன்னொரு விதி இருக்கு. ஆனா ஒரு விதியை மீறினவ இன்னொரு விதிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க முடியாது. உண்மையைச் சொல்றேன். உன்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே அவ பீரோவைக் கவுத்துக் கொட்டியிருப்பே. எங்கேர்ந்து விஷயம் போச்சுன்னு அவளுக்குப் புரிஞ்சிருக்கும். அப்புறம் எங்கயும், யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டாளோன்னு பயந்தேன்.

இன்னொண்ணும் இருக்கு. எழுதி எழுதி அடிச்சேன், இருந்தாலும் எழுதறேன். சித்தியா ஃபோன் பண்ணினா எனக்கு "ம்", "சரி சித்தி", இவ்வளவுதான் கிடைக்கும். அங்கே அவ பக்கம் பக்கமா எழுதினா. அது எனக்குப் பிடிச்சிருந்தது, அக்கா. வெக்கமா இருக்கு.

ஜனவரி கடைசியிலேர்ந்து குறைச்சுக்கிட்டு வர்றதா சொன்னா. நம்பினேன். ஆறு வருஷமா இதே வேலையில இருக்கேன். நிஜமாக் குறைக்கறவங்க எப்படி எழுதுவாங்க, குறைக்காதவங்க எப்படி எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். அவ விஷயத்துல மட்டும் தெரியலை. அதுக்குத்தான் அந்த விதியே வெச்சிருக்காங்க.

நான்தான்னு அவகிட்ட சொல்லிட்டியா?

சின்னவள்

———

ஏப்ரல் 5

சின்னவளுக்கு,

சொல்லலை. சொல்ற தெம்பு இல்லை.

வேலைக்குப் போக ஆரம்பிச்சாச்சு. மூக்குக்கண்ணாடிக் கடையில இத்தனை நாள் லீவு போட்டதே அதிகம். முதல் நாள் ஒருத்தர் வந்தார், இடது கண்ணு மங்கலா இருக்குன்னு. விளக்கை அடிச்சுப் பார்த்து, டாக்டர்கிட்ட போங்க, கண்ணாடியால ஆகற காரியம் இல்லைன்னு சொல்லி அனுப்பினேன். அப்புறம் உள்ளே போய் உக்காந்துட்டேன். நாள் முழுக்க அடுத்தவங்க கண்ணைப் பார்க்கறவ நான். அவளைத் தினம் காலையில எழுப்பினவளும் நான்தான், அவ கண்ணுல எதையும் நான் பார்க்கலை.

செவ்வாயும் வெள்ளியும் அவளைச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். ரெண்டு பஸ் மாறணும். அவ உள்ளே பேசிக்கிட்டிருக்கற ஒண்ணரை மணி நேரம் அப்பா, அம்மாக்கள் எல்லாம் வெளியில வரிசையா உக்காந்திருக்கோம், கடைசி பஸ்ஸை விட்டவங்க மாதிரி. போன வாரம் பக்கத்துல இருந்த ஒரு அப்பா, எந்த ஸ்கூல்னு கேக்கற தோரணையில "உங்க பொண்ணுக்கு எதும்மா?"ன்னார். "மாத்திரை"ன்னேன். "என் பையனுக்குத் தூள்"ன்னார். அப்புறம் ரெண்டு பேரும் பிஸ்கட் சாப்பிட்டோம். வேற என்ன பண்றது.

பீரோவைக் கவுத்திருப்பேன்னு எழுதியிருக்கே. ஆமா, கவுத்திருப்பேன். கத்தியிருப்பேன், ஃபோனைப் பிடுங்கியிருப்பேன், ரெண்டு அடிகூட வெச்சிருப்பேன். எல்லாம் தப்பாத்தான் செஞ்சிருப்பேன். ஆனா நான் செஞ்சிருப்பேன். அவ என் பொண்ணு. தப்பு செய்யற பாத்தியதைகூட எனக்கு இல்லாம பண்ணிட்டே.

இன்னொரு தடவை எல்லாத்தையும் படிச்சேன். பிப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எழுதியிருக்கா: "அம்மாகிட்ட சொல்லிடலாம்னு சமையலறை வரைக்கும் போனேன். அம்மா ஃபோன்ல சித்தியோட பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தா. அவ சிரிச்சு ரொம்ப நாள் ஆச்சு. திரும்பி வந்துட்டேன்."

மறுநாள் மத்தியானம் வேலைக்கு வந்து அதை நீ படிச்சிருக்கே. பதில்கூட எழுதியிருக்கே. அடுத்த ஞாயித்துக்கிழமை அதே நேரத்துக்கு எனக்கு ஃபோன் பண்ணினே. நாம திரும்பவும் சிரிச்சோம். எதுக்குச் சிரிச்சோம்னு ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கா?

அவ ஃபோன்ல நீங்க எழுதற அந்தப் பக்கத்தைத் தினமும் திறந்து பார்க்கறா. வேற யாரோ வந்து பேசினா மூடிடறா. "அவங்க என்மேல கோபமா இருக்காங்க போல"ன்னு நேத்து என்கிட்ட சொல்றா. உன்னை வெச்சுக்கவும் முடியலை, விலக்கவும் முடியலை.

அக்கா

———

ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

உன் முதல் கடிதம் வந்த மறுநாளே பொறுப்பாளர் அம்மாகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க முப்பது வருஷம் நர்ஸா இருந்தவங்க. கதவைச் சாத்திட்டு முழுசும் கேட்டாங்க. திட்டலை. "உன்னைச் சுத்தி அஞ்சு மேஜை இருக்கே. அஞ்சுல ஒருத்தர்கிட்டகூட வாயைத் திறக்கத் தோணலையா?"ன்னு மட்டும் கேட்டாங்க. எங்ககிட்ட எழுதற பசங்ககிட்ட நாங்க தினமும் சொல்ற பேச்சு அது. தனியா வெச்சுக்காதே, ஒருத்தர்கிட்டயாவது சொல்லுன்னு.

ஆறு மாசத்துக்கு நான் யார்கூடயும் எழுதிப் பேசக் கூடாது. அதுக்கப்புறம் யோசிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இப்போதைக்குப் பெத்தவங்க படிக்கறதுக்கான பக்கங்களைத் திருத்தி எழுதற வேலை. முதல் பக்கத்தோட தலைப்பு, "பிள்ளையோடு பேச்சை எப்படித் தொடங்குவது." வேணும்னே என்னைக் குத்த அதைக் கொடுக்கலை, வரிசையில அதுதான் முதல்ல இருந்தது. பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு, அப்புறம் மூக்கை உறிஞ்ச வேண்டியதாப் போச்சு. பக்கத்துல இருந்தவங்க ஜலதோஷமான்னு கேட்டாங்க.

என் மேஜையைச் சுவர்ப் பக்கமாத் திருப்பிப் போட்டிருக்காங்க. நாலு மணிக்கு முதுகுக்குப் பின்னாடி அஞ்சு பேரும் தட்டற சத்தம் கேக்கும். காதைப் பொத்திக்கலாம் போல இருக்கும்.

பிப்ரவரி 9க்கு என்கிட்ட சமாதானம் இல்லை. ஃபோன் பண்றதை நிறுத்தினா உனக்குச் சந்தேகம் வரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எதுக்குச் சிரிச்சோம்னு ஞாபகம் இருக்கு. உன் கடையில ஒருத்தர் மூக்குக்கண்ணாடியைத் தலையில வெச்சுக்கிட்டு அதையே தேடின கதை. நீ நல்லாச் சொன்னே. நான் சிரிச்சுக்கிட்டே அவளை நினைச்சேன். அதுக்கு மேல என்ன எழுதினாலும் பொய்யாயிடும்.

நான் அவமேல கோபமா இல்லைன்னு அவளுக்குத் தெரியணும், அக்கா. அந்த ஆள் வேற வேலைக்கு மாறிட்டாங்க, கோபமெல்லாம் இல்லைன்னு யாராவது சொல்லணும். இங்கேர்ந்து சொல்ல எனக்கு வழி இல்லை. எதிர் மேஜையில ஒருத்தர் இருக்கார், முன்னாடி வாத்தியாரா இருந்தவர், நிதானமான மனுஷன். அவர் வந்தா மூடிடாம ரெண்டு வரி எழுதிப் பார்க்கச் சொல்லு. அவர்கிட்ட நான் எதுவும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்க. சாப்பிடறியா?

சின்னவள்

———

ஏப்ரல் 30

சின்னவளுக்கு,

நேத்து ஸ்கூலுக்குப் போனேன். சில்லு பரீட்சையைத் தள்ளி எழுத மனு கொடுக்கணும். ஆபீஸ்ல இருக்கற கிளார்க் அம்மா என்னை உக்கார வெச்சுத் தண்ணி கொடுத்தாங்க. "அன்னைக்கு ஃபோன் பண்ணினது நீங்கதானே? உங்க குரல் மாதிரியே இருந்தது"ன்னாங்க.

நான் இல்லையேன்னேன்.

அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன். ரெண்டரை மணி இருக்கும். ஒரு பொம்பளைக் குரல். "மைதானத்து ஓரம் பொண்ணுங்க டிரெஸ் மாத்தற அறையில ஒரு பொண்ணு இருக்கா. உள்ளே தாழ் போட்டிருப்பா. தட்டிக்கிட்டு நிக்காதீங்க, உடைச்சிடுங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாச்சு"ன்னு சொல்லிச்சாம். சில்லுவோட முழுப்பேர், வகுப்பு எல்லாம் சொல்லிச்சாம். நீங்க யார்னு இவங்க கேட்டிருக்காங்க. "வீட்டு ஆளு"ன்னு சொல்லிட்டு, வாட்ச்மேன் கதவை உடைச்சு அவளைத் தூக்கிக்கிட்டு வர்ற வரைக்கும் ஃபோனை வெக்கவே இல்லையாம். மூச்சு இருக்குன்னு இவங்க சொன்னப்புறம்தான் வெச்சிச்சாம்.

இன்னும் இருபது நிமிஷம் போயிருந்தா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டர் அன்னைக்கே என்கிட்ட சொன்னார். கூடப் படிக்கற பொண்ணு யாரோ பார்த்திருக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்தப் பொண்ணு யாருன்னு தேடிப்பிடிச்சு ஏதாவது வாங்கிக் கொடுக்கணும்னுகூட நினைச்சேன்.

ரெண்டு கடிதம் எழுதியிருக்கே. பக்கம் பக்கமா. என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டே. இதை ஏன் எழுதலை?

அக்கா

———

மே 6

அன்புள்ள அக்கா,

எழுதியிருந்தா நீ கோபப்பட முடியாம போயிருக்கும். அதனாலதான். உனக்கு நியாயமா இருந்த கோபத்தை நான் வந்து பிடுங்கற மாதிரி இருந்தது. ஏற்கெனவே உன்கிட்டேர்ந்து ஒண்ணை எடுத்தாச்சு.

நீ கேட்டதால எழுதறேன். அன்னைக்குப் பேசினதை அவளால சேமிச்சிருக்க முடியாது, அதனால நீ படிச்சிருக்க மாட்டே. அன்னைக்கு ரெண்டு இருபத்தி ஒண்ணுக்கு வந்தா. வழக்கமா நாலுக்கு மேலதான் வருவா. "டிரெஸ் மாத்தற ரூம்ல இருக்கேன். நிறைய ஆயிடுச்சு போல"ன்னு எழுதினா. பேச்சு கொடுத்துக்கிட்டே இன்னொரு கையால ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எழுத்து குழற ஆரம்பிச்சுது. ரெண்டு இருபத்தி ஒன்பதுக்கு "தூக்கமா வருது"ன்னு வந்தது. அதுக்கப்புறம் ஒண்ணும் வரலை. ஸ்கூல் நம்பர் என்கிட்ட இருந்தது. அவ ஆறாவது படிக்கும்போது, அவசரத்துக்கு இருக்கட்டும்னு நீ கொடுத்தது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையன் இதே மாதிரி எழுதிக்கிட்டிருக்கும்போதே நின்னுபோயிட்டான். எந்த ஊர், எந்தத் தெரு, ஒண்ணும் தெரியாது. அவன் பெட்டி எட்டு மணி வரைக்கும் திறந்தே கிடந்தது. "இருக்கியா?"ன்னு பதினாலு தடவை எழுதினேன். அவன் இருக்கானா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சில்லு யாருன்னு தெரியாத ஒருத்தர் அன்னைக்கு அந்த மேஜையில இருந்திருந்தா இதேதான் நடந்திருக்கும்.

ஆனா இதைப் பெரிசு பண்ணாதே. டிசம்பர்லயே உன்கிட்ட சொல்லியிருந்தா அந்த ஃபோனுக்கே வேலை இருந்திருக்காது. இருந்திருக்கலாம்னும் தோணுது. பஸ்ஸுல போகும்போது ஒரு பக்கம் யோசிப்பேன், வரும்போது இன்னொரு பக்கம் யோசிப்பேன். ஒரு முடிவுக்கும் வர முடியலை. களைச்சுப்போச்சு.

சின்னவள்

———

மே 24

சின்னவளுக்கு,

அந்த ஃபோனுக்கு நன்றி. பதினோரு வாரத்துக்கு இல்லை. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை அழிக்க எனக்கு வரலை, ரெண்டையும் தனித்தனியாவே வெச்சிருக்கேன்.

அவகிட்ட சொல்லிட்டேன். போன வெள்ளிக்கிழமை, சிகிச்சை நிலையத்துலேர்ந்து திரும்பும்போது, பஸ்ஸுல. வீட்டுல சொன்னா அறைக்குள்ள போயிடுவா. பஸ்ஸுல எங்கே போவா. முதல்ல மொந்தைத் தலையைச் சொன்னேன், அப்புறம் ஸ்கூல் கிளார்க் சொன்னதைச் சொன்னேன். ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினா. அப்புறம் கேட்டா.

"அப்போ சித்தி பொய் சொல்லியிருக்கா."

"பொய் சொல்லலை. சொல்லாம இருந்தா."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஆமா."

"நீ என் ஃபோனைத் திறந்து எல்லாத்தையும் படிச்சே."

"ஆமா."

"அப்பா தாழ்ப்பாளைக் கழட்டினார்."

"ஆமா."

"எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவுகூட இல்லையா அம்மா?"

அழுதா. சத்தம் போட்டு அழலை, சின்னப் பிள்ளையில ஊசி போட்டுக்கிட்டு வரும்போது அழுவாளே, அந்த மாதிரி. கண்டக்டர் பார்த்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டார். வீட்டுக்கு வந்து உன் அத்தான்கிட்ட சொன்னேன். தாழ்ப்பாள் இன்னும் அவர் சட்டைப் பையிலதான் இருக்கு, சட்டை மாத்தினா அதையும் மாத்திக்கறார். போடச் சொன்னா, "அடுத்த மாசம் பார்க்கலாம்"ங்கறார். அவரை நெருக்க எனக்கு மனசு வரலை.

நாலு நாள் என்கூடப் பேசலை. உன்னைப் பத்தியும் பேசலை. அஞ்சாம் நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து, உன் வாத்தியாரோ யாரோ, ஒருத்தர்கூட அரை மணி நேரம் எழுதினா. என்ன எழுதினான்னு நான் பார்க்கலை. பார்க்கணும் போலத்தான் இருந்தது. வாசல்ல போய்க் குப்பைக்கூடையைக் கழுவினேன்.

நேத்து வந்து சொல்றா, "சித்தியை வரச் சொல்லு. ஆனா எதுவும் கேக்கக்கூடாது. எப்படியிருக்கேன்னுகூடக் கேக்கக்கூடாது. நான்தான் பேசுவேன்." வரச் சொல்லுன்னு அவ சொன்னதைச் சொல்றேன். நான் கூப்பிட்டதா நினைச்சுக்காதே.

வர்றதுன்னா சாப்பாட்டுக்கு வந்துடு.

அக்கா

———

மே 29

அக்கா,

ஜூன் 7, சனிக்கிழமை, பதினொரு மணி ரயில். சாயங்காலம் அஞ்சுக்குத் திரும்பிடறேன், தங்க மாட்டேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம்.

எதுவும் கேக்க மாட்டேன்னு அவகிட்ட சொல்லு. ஆறு வருஷமாக் கேள்வி கேட்டே பொழைச்சவ நான், சும்மா உக்காரக் கொஞ்சம் கஷ்டப்படுவேன். அதையும் சொல்லிடு.

சின்னவள்

———

ஜூன் 20

சின்னவளுக்கு,

நீ இருந்தப்போ நடந்தது உனக்கே தெரியும். ரெண்டு மணி நேரம் அவ உன்னைக் கேள்வி மேல கேள்வியாக் கேட்டா. எந்த வரி சித்தியா எழுதினது, எந்த வரி வேலைக்காக எழுதினதுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. நீ தெரிஞ்சதைச் சொன்னே, தெரியாததைத் தெரியலைன்னு சொன்னே. நடுவுல அவ கத்தினப்போ நான் சமையலறையிலேர்ந்து வரலை. வந்திருந்தா அவ பக்கம் பேசறதா உன் பக்கம் பேசறதான்னு எனக்கே தெரியாது. நீ கிளம்பும்போது அவ எழுந்து வரலை. அதுக்கு நீ வருத்தப்பட்டே, முகத்துல தெரிஞ்சுது.

நீ போன அப்புறம் நடந்ததைத்தான் எழுதணும்னு உக்காந்தேன்.

நீ வந்துட்டுப் போன அடுத்த புதன்கிழமை மத்தியானம் சில்லு கடைக்கு வந்தா. சொல்லாம கொள்ளாம, தனியா, பஸ் ஏறி. நான் ஒரு பெரியம்மாவுக்கு ஃப்ரேம் சரி பண்ணிக்கிட்டிருந்தேன். கண் பரிசோதிக்க வர்றவங்க உக்காரற உயர நாற்காலியில போய் உக்காந்துக்கிட்டா. அந்தப் பெரியம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, கழட்டி, திரும்பப் போட்டுப் பார்த்து, கிளம்பற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தா. அப்புறம் சொன்னா.

"அம்மா, நேத்து ஒண்ணு போட்டுட்டேன்."

எனக்கு உள்ளே என்னென்னவோ இரைஞ்சுது. இத்தனை நாள் ஏறின பஸ் சத்தம் எல்லாம் சேர்ந்து கேட்ட மாதிரி. கத்தல் வாய் வரைக்கும் வந்தது. வெளியில வரலை. எப்படி வராம போச்சுன்னு எனக்கே தெரியலை. கையில திருகாணி இருந்தது, அது எங்கேயோ விழுந்துடுச்சு.

"மிச்சம் இருக்கா?"ன்னு கேட்டேன்.

கையை விரிச்சா. ரெண்டு இருந்தது. யார் கொடுத்ததுன்னு சொன்னா. கூட ஆடின பொண்ணு. ரெண்டையும் வாங்கி ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள்ள போட்டு மூடினேன். வேற இடம் தோணலை. உள்ளேர்ந்து முதலாளி, "யாரு வந்திருக்காங்க?"ன்னார். "என் பொண்ணு. நான் கிளம்பணும், அரை நாள் லீவு"ன்னேன். அவர் ஏதோ சொன்னார், காதுல வாங்கிக்கலை.

"இப்பவே போலாமா, வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கட்டுமா?"ன்னு அவளைக் கேட்டேன்.

"இப்பவே"ன்னா.

சிகிச்சை நிலையத்துல எங்க முறை இல்லாத நாள். உக்காருங்க, பார்க்கலாம்னு சொல்லிட்டு ரெண்டேகால் மணி நேரம் உக்கார வெச்சுட்டாங்க. அவ என்மேல சாய்ஞ்சு தூங்கிட்டா. எழுந்தா என்ன சொல்லுவாளோன்னு நான் அசையாம உக்காந்திருந்தேன். டாக்டர் பார்த்துட்டு, இப்படி ஆகறது உண்டு, வந்து சொன்னதுதான் பெரிசுன்னார். பெரிசுதான். எனக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனா இது இன்னும் எத்தனை தடவைன்னு கேட்டேன். வெள்ளிக்கிழமையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னார். சரின்னு வந்துட்டோம்.

உன்மேல இருக்கற கோபம் போகலை. குறைஞ்சிருக்கான்னு கேட்டா, பார்க்க நேரம் இல்லை. அவ உனக்கு ஏதோ எழுதப் போறதாச் சொன்னா. எழுதினா பதில் போடு. என்ன எழுதினான்னு எனக்குச் சொல்லாதே. எனக்குச் சொல்ல வேண்டிய விஷயமா இருந்தா அவளையே சொல்லச் சொல்லு.

அன்னைக்கு அப்படியே உக்காந்திருந்ததுல கழுத்து பிடிச்சுக்கிச்சு. ஒன்பது நாளாகியும் விடலை. வலி மாத்திரை போடலாம்னு டப்பாவைத் திறந்தேன். வீட்டுல ஒண்ணுகூட இல்லை. மார்ச் மாசமே எல்லாத்தையும் நான்தான் தூக்கிப் போட்டேன். அதைப் பார்த்துட்டு அவதான் சுடுதண்ணி வெச்சு, துணியை நனைச்சுப் பின்னாடி நின்னுக்கிட்டு ஒத்தடம் கொடுக்கறா. சூடு பொறுக்க முடியலைன்னா சொல்லுங்கறா. குனிஞ்சே இருங்கறா. அதனாலதான் கையெழுத்து இப்படிக் கோணலாப் போகுது.

அக்கா